தாசில்தார் போட்ட நாற்காலி

எண்பதுகளில் ஒரு மழைக்காலத்துக்கு முன்னால், இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த ஏழெட்டுக் குடும்பங்களை ஒரகடம் பக்கம் ஒரு பழைய நெல் குடோனில் கொண்டுவந்து வைத்தார்கள். வைத்தவர்கள் கூரையை மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. முதல் தூறலுக்கே உள்ளே குடை பிடிக்க வேண்டியிருந்தது. அங்கே ஒருத்திக்கு நிறைமாசம். அவள் புருஷன் அவர்கள் ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். கூரைக்குத் தகரம் கேட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போகலாம் என்று அவரைக் கிளப்பியது நான்தான். பக்கத்து வயல்காரன், கிணற்றுக்குக் கரண்டு கேட்டு நடையாய் நடந்தவன் நான்; மனு கொடுக்க எனக்கா தெரியாது?

கவர்மெண்டு முன்னால் எப்படி நிற்பது என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். இருப்பதிலேயே மோசமான சட்டை, மழிக்காத முகம், கக்கத்தில் துண்டு. நான் அப்படித்தான் கிளம்பினேன். வாத்தியாரோ மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பேண்ட், பளபளவென்று வழித்த கன்னம். சட்டையைச் சொம்பில் கங்கு போட்டுத் தேய்த்தாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இன்னா சார், பொண்ணு பாக்கவா போறோம்? இத்தப் பாத்து எவன் தகரம் குடுப்பான்?”

“அரசாங்கத்தோட கதைக்கப் போறம் அண்ணை. கிழிஞ்சதோட போனால் மரியாதையில்லை.”

நாசமாய்ப் போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

தாசில்தார் எங்களைப் பார்த்ததும் எழுந்து வாத்தியாருக்கு நாற்காலி போட்டார். வாத்தியார் பாஷையில் அது கதிரை. அவரை ஏதோ பெரிய அதிகாரி என்று தாசில்தார் நினைத்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, படகில் ரொம்பக் கஷ்டப்பட்டாயா என்று கேட்டார். சிங்கப்பெருமாள் கோவில் பஸ்ஸில் படியில் தொங்கி வந்த கஷ்டத்தைச் சொல்வதா என்று விழித்தேன். அந்தப் பரிவில் எனக்கே கண் கலங்கிவிட்டது, வெட்கக்கேடு.

வாத்தியார் கதிரையை விட்டு எழுந்தார்.

“ஐயா, அகதி நான்தான். இவர் எங்களுக்காகக் கேட்க வந்தவர்.”

தாசில்தார் முகம் போன போக்கைப் பார்த்து, தகரம் போச்சு என்று முடிவு கட்டினேன். மனுஷன் அதே நாற்காலியைக் கையால் காட்டினார். அப்புறம், அதனால் என்ன, உட்காருங்கள் சார் என்றார். தகரத்துக்கு அன்றைக்கே கையெழுத்தாயிற்று. எனக்குக் கடைசிவரை நாற்காலி வரவில்லை.

குடோன் வாசலில் வாத்தியார் மனைவி இடுப்பைப் பிடித்தபடி காத்திருந்தாள். தகரம் வருதும்மா என்று தூரத்திலிருந்தே கத்தினேன். வாத்தியார் தகரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அவள் பக்கத்தில் போய் நின்று, மெல்லச் சொன்னார்:

“அகதியெண்டு சொன்ன பிறகும், கதிரையில இருங்கோ எண்டு தாசில்தார் சொன்னவர்.”