தெருவைப் பார்க்க வந்த ஐந்தாம் நம்பர்

லாட்ஜ் மேனேஜர் என்பவன் சாவி கொடுப்பவன், சாவி வாங்குபவன், நடுவில் திட்டு வாங்குபவன். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைத்த எல்லோருக்கும் இது தெரியும். விளக்கப் போவதில்லை.

எங்கள் லாட்ஜ் விருத்தாசலத்தில், ஜங்ஷனுக்கும் கடைத்தெருவுக்கும் ஒதுங்கிய ஒரு தெருவில் இருந்தது. எட்டு அறை. ஏ.சி. கிடையாது. வெந்நீர் வாளியில் வரும். இருபக்கமும் வீடுகள்: வாத்தியார், பேங்க்காரர், செராமிக் கம்பெனி சூப்பர்வைசர். பீங்கான் சரக்கு எடுக்க வரும் வியாபாரியும், கோயிலுக்கு வருபவரும், கல்யாண வீட்டில் படுக்க இடம் கிடைக்காத சொந்தக்காரரும்தான் தங்குவார்கள். எல்லோர் கையிலும் செல்போன் வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. அப்போது ஒரு புருஷன் பெண்சாதி பத்து நாள் தங்கினார்கள். அந்தப் பத்து நாளைத்தான் சொல்கிறேன்.

நிரந்தர முகவரி

கோவிந்தசாமிக்கு அறுபது வயதிருக்கும். கம்மாபுரம் பக்கத்து விவசாயி. ரெஜிஸ்டரில் பேர் எழுதினார், வயது எழுதினார், 'நிரந்தர முகவரி' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. "எழுதுங்க, பின்னால ஆள் நிக்குது" என்றேன். பின்னால் அவர் சம்சாரம் அலமேலு மட்டும்தான் பையோடு நின்றிருந்தார். "எழுதலாங்க. நெலக்கரி சுரங்கத்துக்கு நெலத்தையும் வூட்டையும் எடுத்துக்கறாங்க. இன்னும் எத்தினி நாளைக்கு அந்த முகவரின்னுதான் தெரியல" என்றார் கோவிந்தசாமி. சரி, இப்போதைக்கு எழுதுங்கள் என்று ஐந்தாம் நம்பர் அறைச் சாவியை எடுத்து வைத்தேன்.

எங்கள் லாட்ஜிலிருந்து மூன்றாவது வீடு விலைக்கு வந்திருந்தது. அவருக்குப் பிடித்துவிட்டது. சம்சாரம் சரி என்று சொல்லவில்லை. பத்து நாள் பொறுப்பதாகப் புரோக்கர் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு வேறு ஆளுக்குப் போய்விடும். வீட்டைப் பார்க்கப் பத்து நாள் எதற்கு என்று கேட்டேன். எனக்கு வேண்டாத கேள்விதான். பையைக் கீழே வைத்துவிட்டு அந்தம்மா சொன்னார்:

"வூட்டை ஒரு மணி நேரத்துல பாத்துடலாங்க. தெருவைப் பாக்கணும்னா தங்கணும்."

ஒரு தம்ளர் மோர்

மூன்றாம் நாள் சாயங்காலம், வீடுகளில் விளக்கு வைத்த நேரம். அலமேலு கையில் தம்ளரோடு தெருவில் இறங்கினார். உறை ஊற்ற மோர் வேண்டுமாம். அறையில் பாலே கிடையாது. எதற்கு உறை? கேட்டின் பக்கம் நின்று பார்த்தேன்.

முதல் வீட்டில் உடனே ஊற்றிக் கொடுத்தார்கள். எதிர்ப்பக்கம் வாத்தியார் வீடு. வாத்தியார் சம்சாரம் வாசலுக்கு வந்து, "வெளக்கு வச்சாச்சும்மா, காலையில வாங்க, தரேன்" என்றார். விளக்கு வைத்த பிறகு மோர், உப்பு, ஊசி எதுவும் வெளியே கொடுக்காதது எங்கள் பக்கத்து வழக்கம். அடுத்துப் பச்சை கேட் வீடு. ஜன்னல் திறந்தது. "லாட்ஜுல தங்கற ஆளா?" ஜன்னல் மூடியது.

திரும்பி வந்த அம்மா வாங்கிய மோரைச் செம்பருத்திச் செடியில் கொட்டினார். கேட்டு வாங்கி ஏன் கொட்டுகிறீர்கள் என்று கத்தினேன்.

"வெளக்கு வச்சப்புறம் மோர் ஊத்தறது என்னாங்க குடும்பம்? காலையில வரச் சொன்னாங்க பாருங்க, அந்த வூட்டுல பொண்ணு குடுக்கலாம்."

அடைத்துக்கொண்ட மண்

ஐந்தாம் நாள் இரண்டாம் நம்பர் அறையில் சென்னையிலிருந்து ஓர் இன்ஜினீயர். பீங்கான் செய்ய எந்த மண் தோது என்று பார்க்க வந்தவர். பார்க்கட்டும். பாத்ரூம் வாஷ்பேசினில் வைத்துக் கரைத்துப் பார்ப்பாரென்று யார் கண்டார்கள்? பத்து மணிக்குக் குழாய் அடைத்தது. பத்தரைக்கு நடைபாதையில் வெள்ளைத் தண்ணீர். அறைகளைச் சுத்தம் செய்யும் அஞ்சலை துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, "இது என் வேலை இல்ல சார்" என்று வெளியே போய் நின்றுகொண்டாள்.

நான் பிளம்பருக்குப் போன் போட்டுத் திட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் அலமேலு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கம்பியோடு வாஷ்பேசின் அடியில் உட்கார்ந்துவிட்டார். கைப்பிடி கைப்பிடியாக மண் வந்தது. "நீங்க போங்கம்மா, நீங்க தங்க வந்தவங்க" என்றேன். காதில் வாங்கவில்லை. இன்ஜினீயர் வெட்கப்பட்டுப்போய் ஏதாவது பேச வேண்டுமே என்று, "இது கம்மாபுரம் பக்கத்து மண்ணுதாம்மா. சுரங்கத்துல மேல வெட்டிக் கொட்டறாங்களே, அது" என்றார். அந்தம்மா கையில் இருந்த மண்ணைப் பிசைந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்கூரு மண்ணுங்களா? அதான் போவ மாட்டேங்குது."

பகல் பன்னிரண்டு மணி

காலையில் தெரு நன்றாகத்தான் இருக்கும். ஏழு மணிக்குக் கீரைக்காரி வருவாள். அலமேலுவும் வாசலில் நின்று, வாங்காத கீரைக்கு விலை பேசுவார். வாத்தியார் சம்சாரத்தோடு கால்வலிக்கு மருந்து பேசுவார். சரி, அம்மா சம்மதித்துவிடுவார் என்றே நினைத்தேன்.

ஏழாம் நாள் பகலில் பிளாஸ்டிக் நாற்காலியைக் கேட் ஓரம் போட்டு உட்கார்ந்தார். வெயில். ஆபீஸ் போனவர்கள் போயாயிற்று. வீட்டுக்கு வீடு சீரியல் சத்தம். விரல் விட்டு எண்ணினார். "பதினாலு வூடு. ஒரு கதவு தெறந்து இல்ல. உள்ள ஒருத்தி வுழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்?" கோவிந்தசாமி, "டவுன்ல அப்படித்தான், திருடன் பயம்" என்றார். "திருடன் வந்தாக்கூடத் தெரியாது போலருக்குதே" என்று சொல்லி, அந்தம்மா நாற்காலியை உள்ளே எடுத்துப் போய்விட்டார்.

கோவிந்தசாமி மேஜைக்கு வந்தார். நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார். நான் சாவி கொடுக்கிறவன், வீடு விற்கிறவன் இல்லை என்றேன். காலண்டரைப் பார்த்தார்.

"இன்னும் மூணு நாளுதாங்க இருக்குது. இவ வேணான்னுட்டா வேற தெரு தேடற தெம்பு எனக்கு இல்ல."

ஆளைக் காணோம்

ஒன்பதாம் நாள் விடியற்காலை இரண்டு பேரும் சாவியைக் கொடுத்துவிட்டு முதல் பஸ்ஸுக்குப் போனார்கள். ஊரில் வீட்டை அளக்க அதிகாரிகள் வருகிறார்களாம். மத்தியானம் வந்துவிடுவோம் என்றார்கள்.

ஏழு மணிக்குக் கீரைக்காரி கேட்டாள், அந்தம்மா எங்கே என்று. தங்குகிறவர்கள் எங்கே போனார்கள், எப்போது வருவார்கள் என்று வெளியாளிடம் சொல்லக்கூடாது. இது எங்கள் தொழிலில் முதல் பாடம். "தெரியாது" என்றேன். எட்டரைக்கு வாத்தியார் சம்சாரம். "நேத்து மயக்கமா வருதுன்னாங்களே?" தெரியாது. பத்து மணிக்குப் பச்சை கேட் வீட்டம்மா, ஜன்னலை மூடினாரே, அவரே வந்துவிட்டார். "ரூமைத் தெறந்து பாருங்களேன்." முடியாது என்றேன்.

அதுதான் தப்பாகப் போயிற்று. முடியாது என்றால் ஏன் முடியாது? பூட்டியிருக்கிறது. தட்டினால் பதில் இல்லை. மேனேஜர் முகமும் சரியில்லை. என் முகம் எப்போதும் அப்படித்தான். தெருவுக்கு அது தெரியாதா? பன்னிரண்டு மணிக்கு ஐந்தாம் நம்பர் முன்னால் இருபது பேர். அஞ்சலை அழ ஆரம்பித்துவிட்டாள். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த வாத்தியார் கடப்பாரையே கொண்டுவந்துவிட்டார்.

சாவி என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் கூட்டம் கலைந்திருக்கும். காட்டவில்லை. இன்னும் யார் யார் வருகிறார்கள் என்று பார்த்தேன். வேடிக்கைதான், வேறொன்றுமில்லை.

வாத்தியார் கடப்பாரையை ஓங்கும் நேரம் வாசலில் ஆட்டோ நின்றது. கூட்டத்தைப் பார்த்துப் பதறிக்கொண்டு அலமேலு ஓடிவந்தார். "ஐயையோ, யாருக்கு என்னா ஆச்சு?"

"உங்களுக்குத்தாம்மா!" என்றார் வாத்தியார்.

யாரும் சிரிக்கவில்லை. பச்சை கேட் வீட்டம்மா மட்டும், "சொல்லிட்டுப் போவக் கூடாதா நீங்க?" என்று சண்டைக்குப் போனார். அலமேலு அவரைப் பார்த்தார், கடப்பாரையைப் பார்த்தார். பிறகு கேட் வரை போய்த் தெருவைப் பார்த்தார். வீடுகள் எல்லாம் திறந்து கிடந்தன. கேட்க ஆளில்லாமல் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரரிடம் மீதிச் சில்லறைக்கு நின்றுகொண்டிருந்த புருஷனைக் கூப்பிட்டார்.

"ஏங்க, அத வுட்டுட்டுப் புரோக்கருக்குப் போன் போடுங்க. ஒரு பொழுது ஆளக் காணலன்னதும் கடப்பாரையோட வராங்க, இதுக்கு மேல என்னாத்தப் பாக்கறது?"

இத்தனை வருஷ லாட்ஜ் தொழிலில், சாவியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் போகாமல், மூன்றாவது வீட்டில் குடியேறி, தினமும் வாசலில் நின்று "சாப்பிட்டீங்களா" என்று கேட்டு என் உயிரை வாங்கிய விருந்தாளிகள் இவர்கள் மட்டும்தான்.