பாதிச் சாப்பாட்டில் எழுந்த துப்பாக்கிக்காரரும் நான் தப்பாக மடித்த இலையும்

போன பதிவில் திருவண்ணாமலைக்குப் போகும் வழி, தங்கும் இடம் எல்லாம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர், "சாப்பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, ஓட்டல்காரர்கள் மரியாதையாக நடத்துவார்களா?" என்று கேட்டிருந்தார். நடத்துவார்கள். எவ்வளவு மரியாதை என்றால், ஒருவரைப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வெளியே போகச் சொன்னதைக்கூட அங்கே மரியாதையாகச் செய்து பார்த்திருக்கிறேன். அது 1984 கடைசியில், தேர்தல் அறிவித்திருந்த சமயம், மார்கழி பிறப்பதற்குச் சில நாட்கள் முன்பு நான் போன முதல் பயணம்.

சாமி கும்பிடப் போகவில்லை. எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பா என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, தாம்பரத்தில் பம்ப்செட் விற்கும் கடையில் வேலை. ஏற்கெனவே இரண்டு இடத்தில் பெண் பார்த்துத் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாக என் முதலாளி மூலம் வந்தது செல்வியின் படம். சிரிக்கக் கூடாது என்று யாரோ அதட்டி உட்கார வைத்த மாதிரி இருந்தாள், ஆனால் சிரிப்பு உதட்டோரம் வரைக்கும் வந்திருந்தது. இந்த இடம் அமையாவிட்டால் இனி பெண் பார்க்கவே போவதில்லை என்று நான் மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். அவள் அப்பாவோ, "பையனை மொதல்ல நான் தனியா பாக்கறேன், அப்புறமா வூட்டுக்குக் கூப்பிடலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவருக்குத் திருவண்ணாமலையில் ஒரு வேலை இருக்கிறதாம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பாய் ஓட்டல், மதியம் பன்னிரண்டரை மணி, பச்சைத் துண்டு போட்டிருப்பார். எனக்கு வந்த தகவல் இவ்வளவுதான்.

தாம்பரத்தில் காலை 5.15க்கு பஸ். டிக்கெட் பதினான்கு ரூபாய் சில்லறை. திண்டிவனத்தில் 7.30க்கு டீ குடிக்க நிறுத்தினார்கள், பத்து நிமிடம் என்று சொல்லி இருபத்தைந்து நிமிடம். செஞ்சி தாண்டியதும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தால் மலைப்பாறைகளைப் பார்த்துக்கொண்டே வரலாம். கீழ்பென்னாத்தூர் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன், ஏனென்றால் பெண் வீடு அந்த வழியில்தான் எங்கேயோ இருந்தது. ஒவ்வொரு கேணியையும் இது மாமனாருடையதாக இருக்குமோ என்று எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன். மொத்தம் 165 கிலோமீட்டர் இருக்கும், போய்ச் சேர்ந்தபோது 9.50.

பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்கு நடந்தே போனேன், இருபது நிமிடம். தீபத்துக்கு வந்த கூட்டம் வடிந்திருந்ததால் நின்று நிதானமாகத் தரிசனம் கிடைத்தது. என் வேண்டுதல் என்ன என்று சொல்லத் தேவையில்லை. சட்டை கசங்காமல் இருக்கக் கீழே எங்கும் உட்காராமலே இரண்டு மணி நேரத்தை ஓட்டிவிட்டு, 12.25க்கு ஓட்டலுக்குள் நுழைந்தேன்.

எட்டு மேசைதான். வாழையிலைச் சாப்பாடு, கூட மட்டன் குழம்பு. மூலை மேசையில் பச்சைத் துண்டோடு ஒருவர், ஐம்பது வயதுக்கு மேலே, ஒல்லியான கறுத்த மனிதர். பக்கத்தில் பழைய வேட்டியில் சுற்றிய ஏதோ ஒன்று நீளமாகச் சாய்ந்திருந்தது. மண்வெட்டிப் பிடி என்று நினைத்துக்கொண்டு வணக்கம் சொல்லி எதிரே உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் வேட்டி விலகிய இடத்தில் இரும்புக் குழல் தெரிந்தது. என் வணக்கம் பாதியில் நின்றுபோயிருந்தது, அதை மறுபடியும் ஒருமுறை முழுதாகச் சொன்னேன்.

அவர் சிரித்தார். "பயந்துக்காதீங்க தம்பி. காட்டுப்பன்னி வேர்க்கடலையத் தோண்டிப் போட்டுடுது, அத்த வெரட்டறதுக்கு வெச்சிருக்கறது. எலெக்சன் வருதுல்ல, லைசன்ஸ் துப்பாக்கி எல்லாத்தயும் ஸ்டேசன்ல ஒப்படைக்கணும். எங்க ஊருக்கு இங்க இருக்கற ஸ்டேசன்தான். இன்னிக்குத்தான் கடைசி நாளு."

அவர் செய்ய வந்த வேலை அதுதான். காலை பஸ் கிடைக்கவில்லை, இறங்கியதே பன்னிரண்டு மணிக்கு, என்னைக் காக்க வைக்கக் கூடாது என்று நேராக ஓட்டலுக்கு வந்துவிட்டார். இலை போட்டார்கள். சாதம், குழம்பு. அவர் என் சம்பளத்தைக் கேட்கவில்லை. அறுபதடிக் கேணிக்கு எத்தனை ஹெச்பி மோட்டார் போடலாம் என்று கேட்டார். எனக்கு நாக்கில் சரஸ்வதி வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. சொல்லிக்கொண்டே போனேன். அவரும் குழம்பு சாதத்தை உருட்டிக்கொண்டே தலையாட்டினார்.

பக்கத்து மேசையில் கோயிலுக்கு வந்த வெளியூர்க் குடும்பம், புருஷன் மனைவி, இரண்டு சின்னப் பெண்கள். அந்த அம்மாள் துப்பாக்கியைப் பார்த்துவிட்டார். பெண்களைச் சுவர்ப் பக்கம் மாற்றி உட்கார வைத்தார். பிறகு புருஷனிடம் ஏதோ சொன்னார், இரண்டு பேரும் சாதத்தை வைத்துவிட்டு எழுந்திருக்கத் தயாரானார்கள். கல்லாவிலிருந்த பாய் இதைக் கவனித்தார்.

அவர் கல்லாவிலிருந்து குரல் கொடுக்கவில்லை, சப்ளையரை அனுப்பவும் இல்லை. தானே எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். என் வருங்கால மாமனார் குழம்பு சாதத்தை முடித்து ரசத்துக்குச் சாதம் கேட்கும் வரைக்கும் நின்றார். வாயில் சோறு இருக்கும்போது ஒருவரிடம் சொல்லக்கூடிய விஷயமா அது. பிறகு குனிந்து, எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார்.

"ஐயா, தப்பா எடுத்துக்கக் கூடாது. கொழந்தைங்க பயப்படுது, அந்த அம்மா பாதியில எழுந்திருக்கப் பாக்கறாங்க. இத்தக் கல்லாவுக்குப் பின்னால வெச்சுட்டு நிம்மதியா சாப்பிடுங்க. நான் பாத்துக்கறேன்."

"குண்டு ஒண்ணும் இல்லீங்க பாய், வெறும் குழல்தான்," என்றார் இவர். "ஆனா வேற ஒருத்தர் கைல குடுக்கக் கூடாதுங்க. லைசன்ஸ்ல யாரு பேரு இருக்குதோ அவங்க கிட்டதான் இருக்கணும். இது வெளிய போவணும்னா நானும்தான் போவணும்."

பாய் கொஞ்சம் யோசித்தார். இலையில் உட்கார்ந்தவரை எழுப்புவது என்பது நம் பக்கத்தில் லேசுப்பட்ட காரியம் இல்லை. அவர் முகத்தில் அந்தச் சங்கடம் அப்பட்டமாகத் தெரிந்தது. "அப்படின்னா ஒரு உபகாரம் பண்ணுங்க. போய் ஒப்படைச்சுட்டு வாங்க. எத்தினி மணி ஆனாலும் புது இலை போட்டு மொதல்லேருந்து பரிமாறறேன். இந்தச் சாப்பாடு கணக்குல இல்ல."

"கேக்கறது ஞாயந்தான்," என்று சொல்லி இவர் எழுந்துவிட்டார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். காது நுனி மட்டும் சிவந்திருந்தது. இடது கையில் துப்பாக்கி, வலது கை எச்சில். என்னைப் பார்க்காமலே, "நீங்க சாப்பிடுங்க தம்பி, நான் வந்துடறேன்" என்றார்.

இப்போது சொல்லுங்கள், நான் என்ன செய்ய வேண்டும்? பெரியவர் பசியோடு வெளியே போகும்போது எதிரே உட்கார்ந்து ரசம் ஊற்றிக்கொள்வதா? சோற்றைப் பாதியில் விட்டு எழுவதா? ஓட்டலில் மற்ற மேசைக்காரர்கள் எல்லோரும் என்னையே பார்ப்பது போலிருந்தது. அவர் கை கழுவப் போய்விட்டார். நானும் எழுந்தேன். எழுகிற அவசரத்தில் இலையை மடித்தேன். மடித்த பிறகுதான் பார்த்தேன், எனக்கு எதிர்ப்பக்கமாக மடித்திருந்தேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. சாப்பிட்டு முடித்தால் இலையின் மேல்பாதியை நம்மை நோக்கி மடிக்க வேண்டும், உறவு தொடரட்டும் என்று அர்த்தம். எதிர்ப்பக்கம் மடிப்பது சாவு வீட்டுச் சாப்பாட்டில்தான், இது இனி வேண்டாம் என்று அர்த்தம். முந்தின வாரம் ஒரு பதினாறாம் நாள் காரியத்தில் சாப்பிட்டிருந்தேன், கை அதே நினைப்பில் போய்விட்டது. பிரித்து மறுபடி மடிக்கலாமா என்று இலையைத் தொட்டபோது, அவர் கை கழுவிவிட்டு வந்து நின்றிருந்தார். இலையைப் பார்த்தார். வாசலைப் பார்த்து நடந்தார், நானும் கை கழுவிவிட்டுப் பின்னாலேயே போனேன்.

ஸ்டேஷனுக்கு நடந்து பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் அவர் வாய் திறக்கவில்லை. ஓட்டலில் அறுபதடிக் கேணியைப் பற்றி அவ்வளவு பேசியவர். எனக்குப் புரிந்துவிட்டது, மூன்றாவது இடமும் போயிற்று. அதுவும் நானே என் கையால் மடித்து அனுப்பிவிட்டேன். ஸ்டேஷன் வாசலில் எங்களுக்கு முன்னால் ஒன்பது பேர், ஆளுக்கொரு துப்பாக்கியோடு, ரேஷன் கடை வரிசை மாதிரி சாதுவாக நின்றிருந்தார்கள். ஒருவர் எங்களிடம் வெற்றிலை நீட்டினார். இவர் வேண்டாம் என்றார், நானும் வேண்டாம் என்றேன். படத்திலிருந்த செல்வியின் முகம் வந்து வந்து போனது. எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

நம்பர் பார்த்து, எழுதி, கையெழுத்து வாங்கி, ரசீது கொடுக்க 2.50 ஆனது. வெறுங்கையோடு வெளியே வந்தார். இனி பஸ் ஏற்றி அனுப்பிவிடுவார் என்று தோன்றியதும் நான் சொல்லிவிட்டேன்.

"இலையத் தப்பா மடிச்சுட்டேங்க. போன வாரம் ஒரு காரியச் சாப்பாடு. அந்த ஞாபகத்துல கை போயிடுச்சு. எனக்கு அந்த மாதிரி எண்ணம் எதுவும் கெடையாதுங்க."

அவர் ரசீதை மடித்துப் பையில் வைத்தார், வெளியே எடுத்தார், மறுபடி வைத்தார்.

"நானும் பாத்தேன்," என்றார். "சரி, பையன் வேணாம்னு சொல்லிட்டாருன்னு நெனச்சுகினேன். மொத நாளே மாமனாரை ஓட்டல்லேருந்து எழுப்பி அனுப்பறாங்க, அந்த வூட்ல எவன் பொண்ணு எடுப்பான்? உங்க மேல தப்பு இல்ல. வூட்ல பொண்ணு காத்துகினு இருக்கும், அதுகிட்ட போயி இன்னா சொல்றதுன்னுதான் ரோசனை பண்ணிகினே வந்தேன்."

இரண்டு மணி நேரமாக நான் அவர் வேண்டாம் என்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவர் நான் வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். வெயிலில் நின்று இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "வாங்க மாப்ள, பசிக்குது. தை மாசமே முடிச்சுடலாம். துப்பாக்கி வூட்டுக்குத் திரும்பி வர்றதுக்குள்ள கல்யாணத்த வெச்சுக்கறதுதான் நல்லது."

தம்பி மாப்பிள்ளை ஆனது 2.55க்கு. ஓட்டலுக்குத் திரும்பியபோது 3.05. பாய் சொன்னபடியே இரண்டு புது இலை போட்டு, சாதத்திலிருந்து ஆரம்பித்தார். அந்தக் குடும்பம் போயிருந்தது. ரசம் ஆறிப்போயிருந்தது, அதைச் சுட வைத்துக் கொண்டுவந்தார். நான் மூன்று முறை சாதம் வாங்கினேன். இலையை மடிக்கும்போது மட்டும் இரண்டு தடவை யோசித்தேன்.

இனி உபயோகமான விஷயங்கள். தாம்பரத்திலிருந்து இப்போது நான்கு மணி நேரத்தில் போய்விடலாம், பௌர்ணமி தவிர்த்த நாளாகப் பாருங்கள். அந்த ஓட்டல் இப்போது இல்லை, பெயர் கேட்டு எழுதாதீர்கள். துப்பாக்கியோடு யாரும் இதைப் படிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன், ஆனால் எந்தக் காரணத்துக்காக எழுந்திருக்கச் சொன்னாலும், ஞாயமாகக் கேட்டால் எழுந்துவிடுங்கள், வாதாட வேண்டாம். கூட வந்தவர் எழுந்தால் நீங்களும் எழுந்துவிடுங்கள், ரசம் எங்கும் போகாது. எழுப்புகிற இடத்தில் நீங்கள் இருந்தால் பக்கத்தில் போய், மெதுவாக, வாயில் சோறு இல்லாதபோது சொல்லுங்கள், திரும்பி வர ஒரு வழியையும் கூடவே சொல்லுங்கள்.

அப்படி எழுப்பியவரை மறந்துவிடவும் வேண்டாம். எங்கள் கல்யாணத்துக்கு மாமனார் பாய்க்குப் பத்திரிகை வைத்தார். முகூர்த்தம் முடிந்ததும் முதல் பந்தியில், மாப்பிள்ளை வீட்டாருக்கும் முன்னால், அவரைக் கைபிடித்து அழைத்து வந்தார். "உட்காருங்க பாய். இங்க உங்கள யாரும் எழுப்ப மாட்டாங்க," என்றார். பாய் மாமனாரின் இரண்டு கைகளையும் ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.