வேகாத ஸ்பிரிங்

திண்டுக்கல்லில் ஸ்பிரிங் என்று யார் கேட்டாலும் செபஸ்தியான் பட்டறையைத்தான் கை காட்டுவார்கள். பூட்டுக்குள் கிடக்கும் நெல்மணி அளவு ஸ்பிரிங் முதல், நிலக்கோட்டைப் பூ வேன் கதவுக்கும் அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு ஏற்றும் வண்டியின் பின்பலகைக்கும் போடுகிற தடித்த ஸ்பிரிங் வரை அவர் சுற்றாதது கிடையாது. குஜிலியம்பாறைப் பொட்டலிலிருந்து பன்னிரண்டு வயதில் பஸ் ஏறி வந்த ஆள். ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. தாண்டியவர்கள் அட்டவணை பார்த்துக் கம்பி எடுப்பார்கள். செபஸ்தியான் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி, "இது ரெண்டு கிலோ தாங்கும்" என்பார். தராசில் வைத்தால் இரண்டு கிலோதான். பெரிய பெரிய எஞ்சினியர்கள் பார்த்துவிட்டுத் தராசைச் சோதித்திருக்கிறார்கள்.

"ஒத்த ஆளா நின்னு உண்டாக்குன பட்டறை" என்று அவர் சொல்லாத நாளில்லை. சொல்லத் தகுதி உள்ளவர் சொன்னால் தப்பும் இல்லை.

சுற்றுவது மட்டும்தான் அவர் வேலை. சுற்றியதைத் தட்டில் கொட்டிப் பின்கட்டுக்கு அனுப்பினால், செத்த நேரத்தில் வைக்கோல் நிறத்தில் பழுத்துத் திரும்பி வரும். அங்கே பேக்கரிக்காரர் ஒருவர் கழித்துப் போட்ட ஓவன் ஒன்று இருந்தது. செபஸ்தியானின் மனைவி ஜெயமேரி அதில் ஸ்பிரிங்கை வைத்து எடுப்பாள். வேக்காடு என்பாள் அதை. "வேக்காடு போட்டாச்சுங்க, எடுத்துக்கங்க" என்று உள்ளிருந்து குரல் வரும். முப்பத்தெட்டு வருடமாக அது சோறு வடிப்பது, துணி துவைப்பது போன்ற கணக்கில் இருந்தது. பட்டறைக் கணக்கில் இல்லை.

ஐம்பத்தெட்டு வயதில் செபஸ்தியான் கைத்துப்பாக்கி சுடப் போனார். தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருக்கும் நைனா முகமது ரைபிள் கிளப்பில் உறுப்பினர். கிளப் துப்பாக்கி ஒன்றுக்கு ஸ்பிரிங் கேட்டு வந்தவரோடு வேடிக்கை பார்க்கப் போனவர், கையில் வாங்கிச் சுட்டார். காற்றழுத்தத்தில் ஈயக்குண்டு பாயும் துப்பாக்கி அது. பத்து மீட்டர் தள்ளி, அப்பளத்தில் பாதிகூட இல்லாத கறுப்பு வட்டம். ஐந்தில் நாலு வட்டத்துக்குள் விழுந்தது. ஸ்பிரிங் சுற்றிய கை நடுங்காது. அடுத்த மாதமே சொந்தத் துப்பாக்கி வாங்கிவிட்டார்.

போன வருடம் மாநிலப் போட்டியில், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் பிரிவில், ஐந்நூற்றுப் பதினேழு எடுத்தார். ஐந்நூற்றிருபது எடுத்தால் டில்லிக்குப் போகலாம்.

"மூணு பாயிண்டை மதுரையில விட்டுட்டு வந்தவரு" என்று ஜெயமேரி சோறு போடும்போதெல்லாம் சிரிப்பாள். "அடுத்த வருசம் பொறுக்கிட்டு வாங்க. டில்லிக்கு நானும் வாரேன்."

அந்த அடுத்த வருடம் வருவதற்குள், வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

செபஸ்தியான் அழவில்லை. கல்லறைத் தோட்டத்திலும் அழவில்லை, முப்பதாம் நாள் பூசையிலும் அழவில்லை. "கல்லு மாதிரி நிக்கிறாரு பாரு" என்று சொந்தக்காரர்கள் பேசியது காதில் விழுந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பதுபோல அவரும் தன்னைக் கிள்ளிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. மகள் பிரிஸ்கில்லா கொண்டுவந்து வைக்கும் டீ சுடுகிறதா ஆறிவிட்டதா என்பதும் தெரியவில்லை. குடித்தார். பட்டறையைத் திறக்கவே இல்லை.

பூசை முடிந்த மறுநாள் நைனா முகமது வந்தார்.

"அண்ணே, போட்டிக்குப் பன்னெண்டு நாளுதான் இருக்கு. வாரீகளா இல்லையா?"

"மூணு பாயிண்ட் கெடக்குல்ல. எடுத்துட்டு வந்துருவோம்."

துப்பாக்கியை எடுத்துப் பார்த்தால் விசை ஒரு தடவை இறுக்கமாகவும் மறு தடவை லேசாகவும் விழுந்தது. உள்ளே இருந்த ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தது. விசை ஸ்பிரிங் விளையாட்டுக் காரியம் இல்லை. ஐந்நூறு கிராமுக்குக் குறைவாக அழுத்தினால் குண்டு கிளம்பக் கூடாது என்பது சட்டம். ஐந்நூறு கிராம் எடையை விசையில் தொங்கவிட்டுத் துப்பாக்கியைத் தூக்குவார்கள். 'டக்'கென்று விழுந்துவிட்டால் ஆட்டத்தில் இல்லை. ஐந்நூறுக்கு ரொம்ப மேலே வைத்தால் விரல் இழுத்துக் குறி தப்பும். ஐந்நூறை ஒட்டி, ஆனால் தாண்டி நிற்க வேண்டும்.

"கோயமுத்தூர்ல ஒருத்தர்ட்ட அசல் ஸ்பிரிங் இருக்காம். போன் போடவா?" என்றார் நைனா.

"ஏலே நைனா, ஊருக்கே ஸ்பிரிங் போட்டவன் நான். எனக்குக் கோயமுத்தூர்லருந்து வரணுமா?"

அன்றைக்குப் பட்டறையைத் திறந்தார். அரை மில்லிக் கம்பியில் ஒன்று சுற்றினார். அளந்த தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி விசையில் தொங்கவிட்டால் நானூற்று அறுபதிலேயே விழுந்தது. பாயிண்ட் ஆறு கம்பி அறுநூற்று நாற்பது வரை முறைத்துக்கொண்டு நின்றது. நடுவில் ஒரு கம்பி எடுத்துச் சுற்றி, நுனியில் அரைச் சுற்று வெட்டி, உட்காரும் முகத்தைச் சாணைக்கல்லில் தேய்த்தார். ஐந்நூற்றைந்து. கை தானாக வேலை செய்தது. ஆள் எங்கோ இருந்தார்.

நைனா ஸ்பிரிங்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வெள்ளிக் கொலுசு மாதிரி மின்னுதேண்ணே! ஆனா அஞ்சு கிராம்தானா மிச்சம்? ஒரு இருபது வச்சுக்கங்க."

"நான் சுத்துனது பத்து வருசமானாலும் ஒரு கிராம் எறங்காது. போ."

வழக்கமாகப் போட்டிக்கு முன்னால் வீட்டுச் சுவரைப் பார்த்து, குண்டில்லாமல் நாளுக்கு இருநூறு தடவை விசை இழுப்பார். இந்தத் தடவை மொத்தமே இருபது இழுத்திருப்பார். துப்பாக்கி பெட்டியில் கிடந்தது. பெட்டி காரின் பின்சீட்டில் வெயிலில் கிடந்தது.

மதுரையில் காலையில் எடை பார்த்தார்கள். நின்றது. செபஸ்தியான் போய்த் தன் இடத்தில் நின்றார். மற்ற வருடங்களில் முதல் பத்துக் குண்டுக்கு நெஞ்சு படபடக்கும். இந்த வருடம் படபடக்க ஒன்றுமில்லை. மரத்துப்போன மனிதனுக்குக் கை மரம் மாதிரி நின்றது. அறுபது குண்டும் முடிந்தபோது பலகையில் ஐந்நூற்றிருபத்தாறு.

"அண்ணே! டில்லி!" என்று நைனா ஓடிவந்து கட்டிப்பிடித்தார்.

"ம்" என்றார் செபஸ்தியான்.

சுட்டு முடித்தவர்களில் சீட்டுக் குலுக்கி ஒரு சிலருக்கு மறுபடி எடை பார்ப்பது வழக்கம். சீட்டில் அவர் எண் வந்தது. தீபா என்ற இளம் அதிகாரி எடையைத் தொங்கவிட்டுத் தூக்கினார். டக். இரண்டாவது தடவை டக். மூன்றாவது தடவைக்கு முன்னால் அந்தப் பெண் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அவருக்காக மெதுவாகத் தூக்கியது தெரிந்தது. டக்.

"ஸாரி சார். மூணு தடவைதான் ரூல்."

"காலையில நின்னுச்சேம்மா!" என்று நைனா கத்தினார். "நீங்களே பாத்தீகள்ல? எடைக்கல்லு தப்பா இருக்கும்!"

"வேற எடையிலயும் பாத்துட்டேன் சார். நானூத்தித் தொண்ணூறுலதான் நிக்குது."

பலகையில் ஐந்நூற்றிருபத்தாறை அழித்தார்கள். செபஸ்தியான் அந்தப் பெண்ணின் காதோரம் செருகியிருந்த பேனாவின் மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் வரவேண்டிய இடம் இது என்று தெரிந்தது. வரவில்லை. வருகிற வழி முழுக்க நைனாதான் புலம்பினார். கொடைரோடு தாண்டியபின் அவரும் ஓய்ந்துவிட்டார்.

மறுநாள் காலை பட்டறையில் துப்பாக்கியைப் பிரித்தார். ஸ்பிரிங்கை எடுத்து, சுற்றியபோது குறித்துவைத்த கோட்டில் நிறுத்தினார். நூலளவு குட்டையாகியிருந்தது. தன் கையால் சுற்றிய ஒன்று இப்படிச் சுருங்கி அவர் பார்த்ததில்லை. விரலில் வைத்துத் திருப்பினார். வெள்ளையாக மின்னியது. பக்கத்து டப்பாவில் பட்டறையை மூடுமுன் போட்ட பூட்டு ஸ்பிரிங் கிடந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்து அருகில் வைத்தார். அது வைக்கோல் நிறம், வேக்காடு பட்டது.

இரண்டையும் கட்டைவிரலால் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தார்.

"பிரிஸ்கில்லா."

மகள் ஈரக்கையோடு வந்தாள்.

"உங்கம்மா இத எம்புட்டு நேரம் வேக வைப்பா?"

"நேரமா? அம்மா என்னைக்குப்பா கடிகாரம் பாத்துச்சு? ஓவன்ல வச்சிட்டுச் செபமால ஆரம்பிக்கும். அம்பத்துமூணு மணியும் சொல்லி, மாதா மன்றாட்டு மாலையும் முடிஞ்சா எடுக்கும்."

"அம்புட்டுத்தானா?"

"வேகமாச் சொன்னா வேகாதுன்னு நிறுத்தி நிறுத்திச் சொல்லும். நான் ஒருதடவ அவசரமாச் சொன்னேன்னு தட்டைத் திருப்பி உள்ள வச்சிருச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. பின்கட்டிலிருந்து முணுமுணுப்பு வரும். பொம்பளை வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர் இந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருப்பார்.

நடுக் கம்பியில் புதிதாக ஒன்று சுற்றினார். தட்டில் வைத்துத் தானே பின்கட்டுக்குத் தூக்கிப் போனார். ஓவன் சூடேறியதும் உள்ளே தள்ளினார். சுவரில் ஆணியில் ஜெயமேரியின் செபமாலை தொங்கியது. எடுத்தார். நாலாவது மணியில் வார்த்தை நின்றுவிட்டது.

"நீ சொல்லும்மா. எனக்கு வரல."

பிரிஸ்கில்லா வாசற்படியில் உட்கார்ந்து சொன்னாள், நிறுத்தி நிறுத்தி. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் உதடு சிலசமயம் அசைந்தது, சிலசமயம் அசையவில்லை. எண்ணெயும் இரும்பும் சூடாகும் வாசம் கிளம்பியது. வேக்காடு போடும் நாளெல்லாம் ஜெயமேரியின் சேலையில் அடித்த வாசம். மணிகள் நகர்ந்தன. மன்றாட்டு மாலையும் முடிந்தது.

கதவைத் திறந்தார். பழுத்திருந்தது. இடுக்கி பக்கத்து ஆணியில்தான் தொங்கியது. அவர் வெறுங்கையால் எடுத்தார்.

"ப்பா! சூடு, கீழ போடுங்க!"

அவர் போடவில்லை. இரண்டு விரலும் சிவந்து வெந்தன. சுட்டது. நன்றாகவே சுட்டது.

மறுநாள் விரலில் மருந்துத் துணியோடு பாட்டிலைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தபோது நைனா வந்தார். முந்நூறு தடவை விசை இழுத்தபிறகும் ஐந்நூற்றெட்டில் நின்றது.

"பழுப்பா இருக்கே, இது யாரு போட்டதுண்ணே?"

"சுத்துனது நான்" என்றார் செபஸ்தியான். பாட்டிலை அவிழ்த்துக்கொண்டே, "வேக்காடு ஜெயமேரி" என்றார்.