முயலுக்கு ஏது விரதம்?

என் அண்ணன் நல்லவர். எனக்கு ஆத்திரமே அதில்தான். கெட்டவராக இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் திட்டித் தீர்த்திருப்பேன்.

மேல்சித்தாமூர் பக்கம் எங்கள் கொல்லை நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். செடிக்கடியில் உள்ளங்கை அளவில் ஒரு முயல்குட்டி அசையாமல் படுத்திருந்தது. தாயைக் காணோம். “ஐயோ பாவம், அநாதையா கெடக்குது” என்று அண்ணன் அதைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

விடுமுறைக்குத் திண்டிவனத்திலிருந்து வந்திருந்த நான், தெரிந்த மாட்டு டாக்டருக்குப் போன் செய்தேன்.

“தாய் முயல் பகல்ல குட்டிகிட்ட வராதுங்க. வந்தா நாய், நரி கண்டுபுடிச்சிடும். பொழுது போனப்புறம் வந்து பால் குடுத்துட்டுப் போயிடும். ஜல்தியா எடுத்த எடத்துலயே வுட்டுடுங்க” என்றார்.

அண்ணன் கேட்டால்தானே? “மனுச வாடை பட்டா தாய் சேக்காதும்மா. நாய்க்கு இரையா போடச் சொல்றியா? நாம எந்த வூட்ல பொறந்தோம்?”

நாங்கள் சமணர்கள். எறும்புக்கும் தீங்கு நினைக்காத வீடு. அந்தப் பெருமைதான் அவர் காதை அடைத்தது. பசும்பாலைக் காய்ச்சிப் பஞ்சில் தோய்த்து ஊட்டினார். போட்டோ எடுத்து, ‘ஓர் உயிர் காத்தோம்’ என்று ஸ்டேட்டஸ் வைத்தார். எத்தனை கும்பிடுகள், எத்தனை பூக்கள்!

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பது எங்கள் வழக்கம். குட்டிக்கும் அதே சட்டம். இருட்டியதும் அது வாயைத் திறந்து திறந்து மூடியது. அதன் தாய் கொல்லையில் அதைத் தேடும் நேரம் அது. எங்கள் வீட்டிலோ பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. “பொழுது போய்ட்டா இந்த வூட்ல யார் வாய்லயும் ஒண்ணும் போவாது” என்றார் அண்ணி.

“முயலுக்கு ஏது விரதம்?” என்று கத்தினேன். அண்ணி அடுப்படிக் கதவைச் சாத்தினார்.

பசும்பால் அதற்குச் சேரவில்லை. வயிறு உப்பி, கழிந்து கழிந்து செத்துப்போனது. அண்ணன் அழுதுகொண்டே மந்திரம் சொல்லிப் புதைத்தார். “அதோட வினை அவ்ளோதாம்மா” என்றார். கொன்றது இவர், பழி மட்டும் வினையின் மேல்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஸ்டேட்டஸைப் பார்த்தவர்களிடம் குட்டி செத்ததை அவர் சொல்லவும் இல்லை.

அடுத்த அறுவடைக்கும் நான் ஊருக்கு வந்திருந்தேன். கூட்டேரிப்பட்டிலிருந்து ஒருவர் அட்டைப்பெட்டியோடு பைக்கில் வந்து இறங்கினார். உள்ளே இரண்டு முயல்குட்டிகள்.

“நீங்க நல்லா வளர்ப்பீங்கன்னு சொன்னாங்கண்ணா. கொல்லையில தனியா கெடந்துச்சு, எடுத்துக்கினு வந்துட்டேன்.”

அண்ணன் முகம் மலர்ந்தது. “பாலை அடுப்புல வை” என்று உள்ளே குரல் கொடுத்தார்.

நான் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டேன். “வண்டிய எடுங்க. எந்த எடத்துல எடுத்தீங்கன்னு காட்டுங்க” என்றேன்.

“உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதா?” என்று கேட்டபடி அண்ணன் வாசல்வரை வந்தார்.

“எனக்கு இல்லாட்டிப் போவுது. இதுங்களுக்குத் தாய் இருக்குது” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன்.