மாத்திரை நேரமும் ராகு காலமும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் பார்க்கும் வைபவம். பெண் வீட்டுக்காரியாகப் போயிருந்தேன். வடை சுட ஆள் வேண்டும் என்றுதான் கூப்பிட்டார்கள்... போன பிறகுதான் தெரிந்தது, சமாளிக்க ஆள் வேண்டியிருந்தது.

பாரிசில், லா ஷப்பேல் மெட்ரோவுக்குப் பக்கத்தில் நாலாவது மாடி. வீட்டுக்காரர் அந்துவான் அண்ணன் — புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு பிரஜை, தபால் இலாகாவில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து அனுப்பி ஓய்வு பெற்றவர். மனைவி தெரேஸ் அக்கா. ஒரே மகள் மதலேன், வங்கியில் வேலை பார்க்கிறாள்.

மாப்பிள்ளை ஜெயசீலன், யாழ்ப்பாணத்துப் பையன். இங்கே ஓர் உணவகத்தில் சமையல். தேவாலயத்துத் தமிழ்ப் பூசையில் பாடப் போய், அவனும் மதலேனும் ஒருவரையொருவர் பார்த்து முடித்தே ஒரு வருஷம் ஆகிறது. பெரியவர்கள் பார்ப்பதுதான் பாக்கி.

சிக்கல் அண்ணனின் முகத்தில் இருந்தது. அவருக்கு பார்க்கின்சன். நடுக்கம் கொஞ்சம்தான், விறைப்புதான் அதிகம். மூளையில் டோபமைன் என்று ஒரு சரக்கு சுரக்க வேண்டுமாம். அண்ணனுக்கு ஸ்டாக் தீர்ந்துகொண்டு வருகிறது. மாத்திரை போட்டால் அரை மணியில் மனிதர் எழுந்து நடப்பார், மகளைக் கிண்டல் பண்ணுவார். இரண்டு மணி நேரம் போனால் ஸ்விட்சை அணைத்த மாதிரி உட்கார்ந்துவிடுவார். முகம் சுவர்தான். அவசரப்பட்டு அடுத்ததைப் போட்டால் கைகால் தன்பாட்டுக்கு ஆடத் தொடங்கும். நேரம் தப்பக் கூடாது என்று நரம்பு டாக்டர் கறாராகச் சொல்லியிருக்கிறார்.

எங்கோ சில நாடுகளில் மூளைக்குள்ளேயே திசுவை நட்டுப் பார்க்கிறார்களாம். அதைச் சொன்னால் தெரேஸ் அக்கா, “மொதல்ல வேற யார் தலையிலயாவது நட்டு, மொளைக்குதான்னு பாக்கட்டும்” என்கிறாள்.

“மாப்பிள்ளை வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிடு” என்றேன். அக்கா கேட்கவில்லை.

“நரம்பு வியாதின்னா பொண்ணையும் சேத்துத்தான் சந்தேகப்படுவாங்க. கல்யாணம் முடியட்டும்.”

நம் ஆட்களின் விநோதம் இதுதான். சர்க்கரை என்றால் பெருமையாகச் சொல்கிறோம். நெஞ்சில் ஆபரேஷன் என்றால் சட்டையைத் திறந்து தழும்பையே காட்டுகிறோம். கழுத்துக்கு மேலே ஏதாவது என்றால் மட்டும் திரையை இழுத்து மூடிவிடுகிறோம். மூளை என்ன பாவம் செய்தது?

ஆக, திட்டம் இதுதான். அவர்கள் வருவது நாலு மணிக்கு. மூன்றரைக்கு மாத்திரை. அண்ணன் சிரித்துப் பேசி, அவர்களை வாசல்வரை வழியனுப்பிவிட்டு, அதன் பிறகு எப்படி வேண்டுமானாலும் விறைத்துக்கொள்ளலாம்.

நாலு மணிக்கு அண்ணன் பிரமாதமாக இருந்தார். டை கட்டியிருந்தார். என் வடையைப் பார்த்து, “ஓட்டை எங்க, கஞ்சத்தனமா அதையும் விட்டுட்டியா?” என்றார். நாலரை ஆயிற்று. ஐந்தாயிற்று. யாரும் வரவில்லை. ஐந்தரைக்கு அவர் பேச்சு தணிந்தது. அப்புறம் கண் சிமிட்டுவதும் குறைந்தது. அடுத்த மாத்திரை ஏழு மணிக்குத்தான்.

ஆறு அடித்துக் கொஞ்ச நேரத்தில் மணி ஒலித்தது. ஜெயசீலன், அவன் அப்பா, அம்மா.

“எங்கயாவது வழி தப்பிட்டீங்களா?” என்று கேட்டாள் அக்கா.

“இல்லை அக்கா, நேரத்துக்கே வந்திட்டம். பிறகுதான் ராகு காலம் வரப்போகுதெண்டு ஞாபகம் வந்தது. முடியுமட்டும் ரூ காய் தெருவில ஒரு கடையடியில நிண்டனாங்கள்” என்றார் மாப்பிள்ளையின் அம்மா, கழுத்திலிருந்த சிலுவையைச் சரிசெய்துகொண்டே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர்க் காலண்டரில் போட்டிருக்கும் ராகு காலம் பாரிசுக்கு எப்படிச் செல்லும்? நம் பிள்ளைகள் காகிதத்துக்காக வருஷக்கணக்கில் அலைகிற ஊரில், இந்த ராகு மட்டும் எந்த விசாவில் உள்ளே நுழைந்தார்?

உட்கார்ந்தார்கள். அண்ணன் சோபாவில் அசையாமல் இருந்தார். வணக்கத்துக்குக் கை பாதிதான் எழும்பியது. ஜெயசீலனின் அம்மா ஊர் நிலைமையைச் சொன்னார், மகனின் வேலையைச் சொன்னார். அண்ணன் வெறித்துப் பார்த்தார். அண்ணன் வீட்டார் மூன்று பேருக்கும் சேர்த்து நானே சிரித்தேன். தெரேஸ் அக்கா வடைத் தட்டை நீட்டிக்கொண்டே இருந்தாள். மதலேன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நாணத்தால் அல்ல, பயத்தால்.

கடைசியில் அந்த அம்மா கோப்பையை வைத்தார்.

“நாங்கள் அகதியள்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. விருப்பமில்லாட்டி வாயால சொல்லலாம்தானே அண்ணை. முகத்தை இப்பிடி வைச்சிருந்தா நாங்கள் என்னெண்டு கதைக்கிறது? நாங்கள் வெளிக்கிடுறம்.”

எழுந்தேவிட்டார். ஜெயசீலன் “அம்மா, இருங்கோ” என்றான். அவர் கோட்டைத் தேடினார். தெரேஸ் அக்கா என்னைப் பார்த்தாள். சமாளிக்க வந்த நானும் ஒரு வடையை எடுத்து நீட்டினேன்.

அப்போது சோபாவிலிருந்து ஒரு குரல். மெல்லிய, ஏற்ற இறக்கமே இல்லாத குரல்.

“உக்காருங்கம்மா. எனக்கு பார்க்கின்சன். உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. தம்பியையும் பிடிச்சிருக்கு. உள்ள சிரிச்சிக்கிட்டுதான் இருக்கேன்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “காலம் பூரா ஊர்க் கடுதாசியெல்லாம் ஒழுங்கா அனுப்பிவச்சேன். என் மூஞ்சிக்கு மட்டும் சேதி போய்ச் சேரமாட்டேங்குது.”

முகத்தில் ஒரு தசை அசையவில்லை. இத்தனை நேரமும் அந்த முகத்துக்குப் பின்னால் அவர் தனியாகப் போராடிக்கொண்டிருந்திருக்கிறார், நாங்கள் வடையை நீட்டிக்கொண்டிருந்தோம்.

அந்த அம்மா கோட்டோடு நின்றார்.

“பிள்ளையளுக்கும் வருமோ?”

“பெரும்பாலும் வராதுன்னு டாக்டர் சொன்னார்” என்றாள் மதலேன். “வரவே வராதுன்னு சத்தியம் பண்ண முடியாதாம்.”

தெரேஸ் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அம்மா மதலேனைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் கணவரைச் சற்று நேரம் பார்த்தார். கோட்டை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“இதை முதலே சொல்லியிருக்கலாமே அண்ணை. எங்கட மனுசனும் இப்பிடித்தான். கட்டின நாள் தொட்டு ஒருக்கா சிரிச்சுக் காணேல்லை. இவருக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்லை.”

எல்லாரும் சிரித்தோம், இரண்டு அப்பாக்களைத் தவிர. ஏழு மணிக்கு மாத்திரை கொடுத்தோம். கலியாணத்தைப் புறநகரில், லெ பிளாங்-மெனில் பக்கம் வைக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது, சம்பந்தமே இல்லாமல் அண்ணன் முகம் மலர்ந்தது. அந்த ஜோக்குக்கான சிரிப்பு அப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது.

மாப்பிள்ளையின் அப்பா மட்டும் கிளம்பும்வரை அப்படியே இருந்தார். பார்க்கின்சனுக்காவது மாத்திரை கண்டுபிடித்துவிட்டார்கள்... அவரை எந்த டாக்டரிடம் காட்டுவது?