தறி எண்ணெய் குடித்த கார்

கார் ஓடவில்லை என்றால் வாடிக்கையாளர் நம்மைத் திட்டுவார், நிற்கவில்லை என்றால் திட்டுவதற்கு அவரே இருக்க மாட்டார். பிரேக் வேலை அப்படிப்பட்டது. பழைய கார் வாங்கி அவதிப்படும் சகோதர சகோதரிகளே, சங்கரன்கோவிலில் ஒர்க்‌ஷாப் வைத்து அவதிப்படும் என்னையும் உங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சீமாட்டிக்கு ஆகாத எண்ணெய்

விசைத்தறி வைத்திருக்கும் மாடசாமி அண்ணாச்சி ஒரு பழைய கார் வாங்கினார். மதினிக்கு, அதாவது அவர் மனைவிக்கு, டயாலிசிஸுக்காக அடிக்கடி திருநெல்வேலி போக வேண்டும். பஸ் குலுக்கலை அந்த உடம்பு தாங்காது. வாங்கிய மாதமே வண்டி என்னிடம் வந்துவிட்டது. பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரேக் விடவில்லை, சக்கரம் தொட முடியாத சூடு.

பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தால் வேறு வாசனை. ஆயில் குறைகிறதே என்று அண்ணாச்சி தறிக்கு விடும் எண்ணெயை ஊற்றி நிரப்பியிருக்கிறார். அது பட்டு உள்ளே இருந்த ரப்பரெல்லாம் ஊதிப்போய்க் கிடந்தது. "ஏன் அண்ணாச்சி இப்படி?" என்று கேட்டேன். அவர் முகத்தில் துளி வருத்தம் இல்லை.

"எங்க தறி எல்லாம் இந்த எண்ணெய்லதான ஓடுது. இந்தக் கார் மட்டும் என்ன பெரிய சீமாட்டியா வே?"

சத்தம் எங்கிருந்து?

ரப்பரெல்லாம் மாற்றிக் கொடுத்தேன். மறுவாரமே அண்ணாச்சி வாட்ஸ்அப்பில் ஒரு சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினார். பிரேக் போடும்போதெல்லாம் 'டொக்'. நானும் என்னோடு வேலை பார்க்கும் செல்வினும் நாலு சக்கரத்தையும் கழற்றி மாட்டினோம். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் டிரைவர் சீட்டுக்கு அடியில் கைவிட்டால் ஒரு முழுத் தேங்காய்! பிரேக் பெடலுக்கு அடியில் போய் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு வேர்த்துவிட்டது. அதைப் பைக்குள் போட்டுக் கட்டி மதினி கையில் கொடுத்தேன்.

"பத்திரமாத் திரும்பி வந்தா எல்லைப் பிள்ளையாருக்கு ஒடைக்கதா நேந்திருக்கேன் தம்பி, அதான் போகும்போதே ஏத்திக்கிடுதது."

செல்வினின் ஜெபம்

அடுத்து வந்ததுதான் பெரிய வினை. பெடலை மிதித்தபடி இருந்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. பெடலை மிதிக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்கு அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் உள்சுவர் அரித்துப்போய், புது ரப்பரும் அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தவில்லை. புது சிலிண்டர் மதுரையிலிருந்து வர வேண்டும், மதினிக்கோ மறுநாள் காலையில் டயாலிசிஸ். தள்ளிப்போட முடியாது. "மெதுவா ஓட்டிக்கிடுதேன், சாவியக் குடு" என்று அண்ணாச்சி சத்தம் போட்டார். எனக்கும் மனசு இளகிவிட்டது. செல்வின் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"ஜெபம் பண்ணச் சொன்னா பண்ணுதேன் அண்ணாச்சி, மாஸ்டர் சிலிண்டருக்குப் பதிலா பண்ண மாட்டேன்."

செம்மறிக் கூட்டம்

வேறு வழியில்லாமல் மறுநாள் என் வேனிலேயே அவர்களைக் கூட்டிப் போனேன். அண்ணாச்சி உர்ரென்று உட்கார்ந்து வந்தார். பனவடலிசத்திரம் தாண்டி ஒரு வளைவில், ரோட்டை அடைத்துக்கொண்டு செம்மறிக் கூட்டம், நடுவில் ஆட்டுக்காரர். முழுப் பலத்தோடு மிதித்தேன். முதல் ஆட்டுக்கு ஒரு முழம் முன்னால் வேன் நின்றது. அண்ணாச்சி என் தோளைப் பிடித்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை. செல்வினை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் மட்டும் இல்லையென்றால் நான் சாவியைக் கொடுத்திருப்பேன்.

சாயங்காலம் மதினி பிள்ளையாருக்குத் தேங்காயை உடைத்து, ஒரு மூடியைக் கொண்டுவந்து செல்வின் கையில் வைத்தார்.

"இவுக கோவத்துக்குப் பயந்து நேத்து நீ சாவியக் குடுத்திருந்தியன்னா, இன்னைக்கு எனக்கு டயாலிசிஸே தேவப்பட்டிருக்காது மக்கா."

வண்டியை ஓட வைத்ததற்கு எனக்கு எத்தனையோ பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள், ஓட விடாததற்கு எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குக் கிடைத்த ஒரே கூலி அந்தத் தேங்காய் மூடிதான், அதையும் செல்வின் வீட்டில் சட்னி அரைத்துவிட்டார்கள்.