பெரியப்பாவைத் 'தூ' என்று அழைத்த நாள்

பெரியப்பா ஏன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை என்று கேட்டபடியே இருக்கிறீர்கள், மகள். எழுதி வைக்கிறேன்.

நாட்டை விட்டு வெளிக்கிட்ட பிறகு அந்தப் பயணம் வரை நானும் அவரும் நேரில் சந்தித்ததே இல்லை. அவர் பாரிசில், நாங்கள் மொன்றியலில். அவர் இங்கே வந்த முதல் இரவு, புறநகரான டொலார்டில் பெரியம்மாவின் தம்பி வீட்டில் தங்கினார். மறுநாள் பழைய மொன்றியலைக் காட்டிவிட்டு, பின்னேரம் கோட்-டெ-நெய்ஜில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்து எங்களோடு சில நாள் வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. உங்கள் அம்மா புதுப் படுக்கை விரிப்புக்கூட வாங்கினார்.

கல் பதித்த தெருக்களில் நடந்தோம். "ஐரோப்பா மாதிரித்தானே, அண்ணை?" என்றேன்.

"மாதிரி எண்டால் மாதிரிதான். பாரிசிலை நான் இருக்கிற கட்டிடத்தின்ரை படிக்கட்டு இதைவிடப் பழசு."

சிரித்தோம். அதுவரை நல்லாத்தான் இருந்தது.

துறைமுகத்திலிருந்து மேடேறும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. நீங்கள்தான் முதலில் கண்டீர்கள். தண்ணீர்ப் போத்தலை நீட்டி, களைப்பா என்று பிரெஞ்சில் கேட்டீர்கள். 'தூ' என்று சொல்லிக் கேட்டீர்கள். அது எங்கள் 'நீ'. இந்த ஊரில் எல்லாருக்கும் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். தமிழ்க் காதுக்கோ அது காறித் துப்புகிற சத்தமும்தான்.

அவர் போத்தலை வாங்கவில்லை. என் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அங்கை முதலாளியும் பொலிசும் என்னோடை அப்பிடித்தான் கதைக்கிறவங்கள். இஞ்ச வந்து உன்ரை பெட்டையிட்டையும் கேக்கோணுமோ?"

"இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான், அண்ணை. வேலையிலை மனேச்சரோடையே நான் அப்பிடித்தான் கதைக்கிறன்."

"ஓம், வளர்ப்புத் தெரியுது."

டாக்சியை மறித்தார். "பேந்து வாறன்" என்றார். வரமாட்டேன் என்பதையும் எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அம்மா அவருக்கென்று வைத்த நண்டுக்கறியை அன்றைக்கு நாங்களே சாப்பிட்டோம். டொலார்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். "அத்தான் படுத்திட்டார்" என்றார் பெரியம்மாவின் தம்பி. மறுநாளும் அதே பதில். பிறகு பாரிசுக்குப் போய்விட்டார் என்று ஊர்க்கதையாகத்தான் கேள்விப்பட்டேன்.

முதலாளிக்குத் திருப்பிச் சொல்ல அவரால் முடியவில்லை. பொலிசுக்கும் முடியவில்லை. தண்ணீர் கொடுத்த ஒரு பிள்ளையிடம் முடிந்தது. உங்களில் பிழை இல்லை, மகள். அவரை இனி நான் கூப்பிடப் போவதில்லை.